சுடுசொல் சுவைப்பது ஏன்?



திருகோணமலையில் கோயில் திருவிழா நடைபெறும் ஓர் இரவை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். நகரின் ஒரு புறம் உட்துறைமுகம். மறுபுறம் வங்கக் கடல். கப்பல்களின் விளக்கொளி நீரிலே நீண்டு நடுங்குகின்றது. திடலில் மக்கள் நிறைந்துவிட்டனர். நாடகம் தொடங்கும் நேரம் கடந்துவிட்டது; வேடம் புனைவோரோ இன்னும் ஆயத்தமாகவில்லை. குழந்தைகள் அழுகின்றன, இளைஞர் சீழ்க்கை அடிக்கின்றனர். அவ்வேளையில் திரைக்கு முன்னே ஒருவர் வந்து ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றார். அவர் பாடகர் அல்லர், நடிகரும் அல்லர். நிகழ்ச்சிகளை அறிவிப்பவர்.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பிரமுகர் ஒருவர் வருகின்றார். கடைசியாக வந்தவர், முதல் வரிசையிலே இருக்கை தேடுகின்றார். அறிவிப்பாளர் அவரைக் கண்டுவிடுகின்றார். "வாங்கோ ஐயா, வாங்கோ! நீங்கள் பிந்தித்தான் வருவீங்கள் எண்டு நாங்களும் அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்குவம் எண்டிருந்தம். அதையும் வெண்டுபோட்டீங்கள்!" என்கின்றார்.

திடல் அதிர்கின்றது. ஆனால், அந்தச் சிரிப்புக்குள்ளே ஒரு சிறு தயக்கமும் உண்டு. சிரித்துக்கொண்டே எல்லோரும் பிரமுகரின் முகத்தைப் பார்க்கின்றனர். அவர் சிரிக்கின்றாரா, முகம் சுருங்குகின்றாரா? அவரும் சிரித்துக் கைகூப்பிவிட்டால், முன்னையினும் பெரிய சிரிப்பு எழுகின்றது. அச்சிரிப்பிலே அவரும் ஊரில் ஒருவராகிவிடுகின்றார். அவர் முகம் சுருங்கிவிட்டாலோ, கூட்டத்தின் சிரிப்பும் பாதியிலே நின்றுவிடுகின்றது. இந்த ஒரு கணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். கூரிய நாவுடையவனை மக்கள் ஏன் விரும்புகின்றனர்? எந்த எல்லைவரை விரும்புகின்றனர்?

இது வியப்புக்குரிய வினாவே. இனிய சொல் இருக்கக் கடுஞ்சொல் கூறுவானேன் என்று கேட்டவர் நம் வள்ளுவர். இனியவை கூறல் என்று தனி அதிகாரமே வகுத்தார். அக்குறள்களைப் பள்ளியிலே மனனம் செய்து வளர்ந்த நாமே, இரவு வந்ததும் திடலுக்குச் சென்று, கடுஞ்சொல் பேசும் ஒருவனை வாய்விட்டுச் சிரித்து வரவேற்கின்றோம். நம்மிடம் முரண்பாடு உளதா? அல்லது, கடுஞ்சொல்லிலேயே இரு வகை உண்டா?

விடை தொல்காப்பியத்திலே கிடைக்கின்றது. மெய்ப்பாட்டியலில் நகை என்னும் சுவைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்பன அவை. முதலாவதாக நிற்பது எள்ளல் என்பதைக் கவனியுங்கள். அதற்கு உரை வகுத்த பேராசிரியர் நுட்பமான ஒரு குறிப்பைத் தருகின்றார். எள்ளலாற் பிறக்கும் சிரிப்பு இரு வழிப்பட்டது என்பது அவர் கருத்து. நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒரு வழி. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியை அவர் மறவாமற் சொன்னாரே, அதிலேதான் இக்கலையின் உயிர் இருக்கின்றது.

இனி வள்ளுவரிடம் மீண்டும் வருவோம். பண்புடைமை அதிகாரத்தில் அவர் இகழ்ச்சியைப் பற்றிப் பேசுகின்றார். விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பந் தருவதே என்பது அவர் முடிவு. ஆகவே எள்ளல் வேறு, இகழ்ச்சி வேறு. எள்ளப்பட்டவனும் கூடிச் சிரிக்க இடமிருந்தால் அது எள்ளல். அவனைச் சிரிப்புக்கு வெளியே நிறுத்தி, மற்றவர் மட்டும் சிரித்தால் அது இகழ்ச்சி. நாவின் கூர்மை இரண்டிலும் ஒன்றே. அது யாரை உள்ளே சேர்க்கின்றது, யாரை வெளியே தள்ளுகின்றது என்பதிலேதான் வேறுபாடு.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்து, கூரிய நாவுக்கு மேடையிலே ஓர் இடம் ஒதுக்கிவைத்தனர். தமிழகத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். புரிசை போன்ற ஊர்களில் வழிவழியாக ஆடப்பட்டுவரும் அக்கூத்திலே, அரசன் வருமுன் கட்டியக்காரன் வருகின்றான். அரசன் வரவை அறிவிப்பது அவன் தொழில். கதையைத் தொடுப்பதும், பாத்திரங்களை யார் என்று வினாவி அறிமுகம் செய்வதும் அவனே. அதே வாயால் அரசனைக் கேலி செய்பவனும் அவனே. மாமன்னன் தன் பெருமையை நீட்டி முழக்கும்போது, அதை ஊர்ப் பேச்சிலே சுருக்கிச் சொல்லி மக்களைச் சிரிக்கவைப்பான். துரியோதனன் அரியணையில் இருக்கலாம். கட்டியக்காரனோ நம் பக்கத்து வீட்டுக்காரன்.

கிழக்கிலங்கையின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலும் கட்டியக்காரன் முதலிலே களரிக்கு வந்து, கொலு வரவை அறிவிக்கும் மரபு உண்டு. அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, விடியும்வரை நடக்கும் ஆட்டத்திலே, உறங்கி விழும் சனங்களை எழுப்பிவிடுவது பெரும்பாலும் ஒரு பகிடியே. இராகமும் தாளமும் செய்ய முடியாத வேலையை நறுக்கென்ற ஒரு சொல் செய்துவிடுகின்றது.

கேரளத்துச் சாக்கியார் கூத்திலே இவ்வுரிமை இன்னும் ஒரு படி உயர்ந்து நிற்கின்றது. சாக்கையர் என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. செங்குட்டுவன் முன்னிலையில் சாக்கையன் ஒருவன் கூத்தாடியதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கேரளத்துச் சாக்கியார், மிழாவின் முழக்கத்தோடு புராணக் கதை சொல்லிக்கொண்டே, அவையில் இருப்பவர் எவரையும் கதைக்குள்ளே இழுத்துக் கேலி செய்யலாம். அரசனும் விலக்கல்லன். கேலிக்கு ஆளானவர் எழுந்து மறுத்துப் பேசுதல் ஆகாது என்பது மரபு. சமூகமே கூடி, "இந்த இடத்தில், இந்த நேரத்தில், இவன் பேசலாம், நாம் பொறுத்துக்கொள்வோம்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டது போன்றது அது.

அறிவிப்பவனே பகிடிக்காரனாகவும் இருப்பது தற்செயலா? அன்று. இரு தொழில்களுக்கும் அடிப்படை ஒன்றே. மேடைக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவன் அறிவிப்பாளன். அங்கே நடப்பதை இங்கே சொல்பவன். இரு பக்கமும் தெரிந்தவனுக்குத்தான் இரு பக்கத்துக் குறைகளும் தெரியும். மேலும், திடலுக்கு வரும் மக்கள் வரும்போது ஒரு கூட்டம் அல்லர், தனித்தனி மனிதர்கள். கடன்காரன் ஒரு மூலையில், கடன் கொடுத்தவன் மறு மூலையில் அமர்ந்திருக்கலாம். அவர்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒன்றாகச் சிரிக்கவைத்த பின்னரே, சொல்ல வந்ததை அவர்கள் கேட்பர். பகிடி என்பது அறிவிப்பாளனுக்கு அலங்காரம் அன்று. அதுவே அவனுடைய கருவி.

பிற நாடுகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அக்கடற்படையினரின் தாய்நாட்டிலே, அக்காலத்தில், டொமி டிரிண்டர் என்ற பகிடிக்காரர் பெரும் புகழ் பெற்றிருந்தார். 1909 இற் பிறந்து 1989 இல் மறைந்தவர். 1955 இல் லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஞாயிறு இரவு நிகழ்ச்சிக்கு முதல் அறிவிப்பாளர் அவரே. நீண்ட மோவாயும் தலையிலே சிறு தொப்பியும் அவருடைய அடையாளங்கள். கூட்டத்திலிருந்து எவரேனும் குறுக்கே குரல் கொடுத்தால், அக்குரல் அடங்குமுன் விடை சொல்லிவிடுவார் என்பதே அவருடைய பெருமை. இதிலும் ஓர் ஒப்பந்தம் இருக்கின்றது. குறுக்கே பேசியவன் தானாகவே களத்தில் இறங்கியவன். அவனை வெல்வது வீரம். வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் ஏழையைத் தேடிப் பிடித்துக் குத்துவது வீரம் அன்று என்பதைச் சபையும் அறியும்.

தமிழ் மேடையில் கூரிய நாவுக்குப் பெயர் பெற்றவர் எம். ஆர். ராதா. ரத்தக்கண்ணீர் நாடகத்தால் ஊரூராகப் புகழ் பெற்று, 1954 இல் அதே கதையின் திரைப்படத்திலும் நடித்தார். மேலைநாட்டிலிருந்து திரும்பி வரும் செல்வனாக, தாய், மனைவி, ஊரார் என்று ஒருவரையும் விடாமல் ஏளனம் செய்கின்றான் கதைத் தலைவன். பின்பு நோயால் உருக்குலைந்து தெருவுக்கு வருகின்றான். செல்வம் போயிற்று, அழகு போயிற்று, நாவின் கூர்மை மட்டும் போகவில்லை. ஆனால், இப்போது அந்நாவு முதலிலே குத்துவது தன்னைத்தான். முற்பாதியிலே அவனை வெறுத்த சபை, பிற்பாதியிலே அவனோடு சேர்ந்துவிடுகின்றது. பேராசிரியர் சொன்ன இரு வழிகளும் ஒரே கதையிலே வந்து பொருந்தியிருக்கின்றன.

இனி, நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவோம். இலங்கைத் தமிழரிடையே தனிநடிப்பு என்றதும் நினைவுக்கு வருவது "அண்ணை றைற்". அதை எழுதி நடித்தவர் கே. எஸ். பாலச்சந்திரன். 1944 இல், வடமராட்சிக் கரவெட்டியிலே பிறந்தவர். வானொலி நாடகம், மேடை, திரைப்படம் என்று பல துறைகளில் உழைத்தவர். பிற்காலத்திலே கனடாவில் வாழ்ந்து 2014 இல் மறைந்தார். அவருடைய பெயரைக் கேட்டதும் மக்கள் வாயில் முதலில் வருவது அந்த ஒரு பஸ் நடத்துநரின் குரலே.

மேடையிலே பஸ் இல்லை. பயணிகள் இல்லை. நிற்பவர் ஒருவர் மட்டுமே. அவர் பேசத் தொடங்கியதும், நெருக்கமாக நிறைந்த ஒரு பஸ் நம் கண்முன் ஓடத் தொடங்குகின்றது. பயணிகள் ஏறி முடிந்ததும், சாரதிக்குக் குரல் கொடுக்கும் சொல் தான் "அண்ணை றைற்". அண்ணை என்பது யாழ்ப்பாணத்து உறவுச் சொல். றைற் என்பது ஆங்கிலேயர் விட்டுச் சென்ற போக்குவரத்துச் சொல். இரண்டும் சேர்ந்து நம் தெருவின் சொல்லாகிவிட்டன. தலைப்பிலேயே ஒரு நாட்டின் வரலாறு சிரித்துக்கொண்டிருக்கின்றது எனலாம்.

நடத்துநரைக் கூர்நாவுடையவனாக அமைத்ததிலே ஆழ்ந்த பொருத்தம் உண்டு. 1958 இல் பஸ் சேவை அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், பஸ் என்பது எல்லோருக்கும் பொதுவான இடமாயிற்று. வாத்தியாரும் வருவார், கமக்காரரும் வருவார், கந்தோருக்குப் போகும் எழுதுவினைஞரும், சந்தைக்குப் போகும் ஆச்சியும் வருவர். வெளியே அவரவர்க்கு வெவ்வேறு மதிப்பு. உள்ளே எல்லோரையும் ஒரே அளவாக நெருக்குகின்றது வண்டி. அங்கே அதிகாரம் செலுத்துபவன் நடத்துநன் ஒருவனே. அவன் கையிலுள்ள அதிகாரமோ, பயணச்சீட்டுப் புத்தகமும் "உள்ளுக்குப் போங்கோ" என்னும் கட்டளையும் மட்டும். படித்தவரையும் படியாதவரையும் அவன் ஒரே தொனியில் உள்ளே தள்ளுகின்றான். அவன் சுடுசொல்லிலே ஒருவகைச் சமநீதி இருக்கின்றது.

இன்னொன்றும் உண்டு. கேட்போர் பயணிகளை மட்டும் பார்த்துச் சிரிப்பதில்லை. நடத்துநனைப் பார்த்தும் சிரிக்கின்றனர். அவனுடைய அவசரம், அவனுடைய பெருமிதம், தன் வண்டியைத் தானே ஓர் அரசாட்சியாக எண்ணும் அவனுடைய போக்கு யாவும் நகைப்புக்கு உரியவை. எள்ளுபவனும் எள்ளப்படுகின்றான். அதனாலேதான் அச்சுடுசொல் எவரையும் சுட்டதில்லை. ஊரை விட்டுத் தொலைதூர நாடுகளுக்குச் சென்ற தமிழரும் அதை விரும்பிக் கேட்டனர். பனி பெய்யும் நகரிலே, கனிவாகப் பேசும் இயந்திரம் பயணச்சீட்டைத் தருகின்றது. "தள்ளி நில்லுங்கோ" என்று அதட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அதட்டலுக்கு ஏங்குவது விந்தைதான். ஆயினும், நம்மை உறவாக எண்ணுபவனே நம்மை அதட்டுவான் அன்றோ?

வானொலி இக்கலைக்கு வேறொரு சோதனையை வைத்தது. மேடையிலே முகம் இருக்கின்றது. கண்ணடித்து, "பகிடிக்குத்தான் சொன்னேன்" என்று உணர்த்திவிடலாம். வானொலியிலே குரல் மட்டுமே. எள்ளுவது இகழ்வதாகக் கேட்டுவிட ஒரு கணம் போதும். அச்சோதனையிலே வென்றவர்களை நாம் மறத்தலாகாது. இலங்கை வானொலியிலே ஒலித்த "கோமாளிகளின் கும்மாளம்" பின்னர், 1976 இல், "கோமாளிகள்" என்னும் திரைப்படமாயிற்று. அதிலே மரைக்காராக எஸ். ராம்தாசும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் தோன்றினர். முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், அந்தணர் தமிழ் என நான்கு வகைத் தமிழும் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. மரைக்காரின் வேடத்தை ஏற்றவர் முஸ்லிம் அல்லர். ஐயரின் வேடத்தை ஏற்றவரோ முஸ்லிம். ஒருவர் மற்றவரின் நாவை இரவல் வாங்கிப் பேசினர். இரவல் வாங்கிய பொருளை உடைக்காமற் காப்பது நம் வழக்கம். அவர்களும் அவ்வாறே காத்தனர்.

திருகோணமலை போன்ற ஓர் ஊருக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் தெருவுக்குத் தெரு அடுத்தடுத்து வாழும் துறைமுக வட்டாரம் அது. பஸ் நிலையத்திலே நிற்கும் நடத்துநனுக்கு ஊர்களின் பெயரை இரு மொழியிலும் கூவத் தெரிந்திருக்க வேண்டும். கிண்ணியாவுக்குப் பாலம் அமைந்தது 2009 இலே தான். அதற்குமுன், பாதை என்று ஊரார் அழைத்த மிதவைக்காகக் கரையிலே காத்து நின்றவர்களிடையே எத்தனை பகிடிகள் பிறந்திருக்கும்! கிண்ணியாத் தமிழைச் சம்பூரான் நையாண்டி செய்வான். சம்பூரான் பேச்சை நகரத்தான் நையாண்டி செய்வான். நல்ல காலத்திலே, அது அயலவர் வேலிக்கு மேலாகப் பேசிக்கொள்வது போன்றது.

ஆனால், 1983 இல் மூண்டு 2009 வரை நீண்ட போரின் ஆண்டுகளிலே, அதே உச்சரிப்பு ஒருவனை இன்னான் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று. ஒரு சொல்லை எப்படி உச்சரிக்கின்றான் என்பதைக் கொண்டு, இவன் நம்மவனா, அயலவனா என்று பார்த்த காலம் அது. அத்தகைய காலத்திலே, நேற்றுவரை பகிடியாக இருந்தது இன்று அச்சமாக மாறிவிடுகின்றது. சொல் மாறவில்லை; கூடிச் சிரிப்பதற்கு இருந்த இடம் மறைந்துவிட்டது. ஒலிபெருக்கி ஒன்றே. அதிலே எள்ளலும் ஒலிக்கும், இகழ்ச்சியும் ஒலிக்கும். எது ஒலிக்கின்றது என்பதைக் கண்டறியும் பொறுப்பு, பேசுபவனுக்கு மட்டுமன்று. சிரிக்கும் நமக்கும் உண்டு.

எவ்வாறு கண்டறிவது? நான் மூன்று அடையாளங்களைச் சொல்வேன். முதலாவது, கூர்நாவுடையவன் தன்னையும் குத்திக்கொள்கின்றானா? தன்னை விட்டுவிட்டு ஊரையெல்லாம் எள்ளுபவன் கட்டியக்காரன் அல்லன், வெறும் வம்புக்காரன். இரண்டாவது, அவன் சொல் எத்திசை நோக்கிச் செல்கின்றது? அரியணையை நோக்கியும் முன்வரிசையை நோக்கியும் சென்றால், அது மரபு வழங்கிய உரிமை. கடைசி வரிசையிலே நிலத்திற் குந்தியிருப்பவனை நோக்கி மட்டும் சென்றால், அவ்வுரிமை பறிக்கத்தக்கது. மூன்றாவது, மிக எளியது. சிரிக்குமுன், எள்ளப்பட்டவரின் முகத்தை ஒரு கணம் பாருங்கள். அவரும் சிரிக்கக் கூடுமாயின், தயங்காமற் சிரியுங்கள்.

தொடக்கத்திலே சொன்ன திருவிழா இரவுக்குத் திரும்புவோம். பிந்தி வந்த பிரமுகர் சிரித்துக் கைகூப்பினார் என்று வைத்துக்கொள்வோம். அத்தோடு விடமாட்டார் நம் ஊரவர். இருக்கையில் அமர்ந்தபடியே, "தம்பி, நான் பிந்தினது அரை மணித்தியாலம். நீ மைக்கைப் பிடிச்சு ஒரு மணித்தியாலமாச்சு. நாடகம் எப்ப?" என்று திருப்பிக் கேட்டுவிடுவார். இப்போது திடல் இன்னும் பலமாக அதிர்கின்றது. அறிவிப்பாளரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கின்றார். திரை விலகுகின்றது, மத்தளம் ஒலிக்கின்றது. சிரித்துக் களைத்த மக்கள் ஒரே சபையாக நிமிர்ந்து உட்காருகின்றனர்.

கூரிய நாவை மக்கள் ஏன் விரும்புகின்றனர் என்னும் வினாவுக்கு அந்தத் திடலே விடை. தம்மை ஒன்றாக்குவதால் விரும்புகின்றனர். ஒன்றாக்கும் வரையே விரும்புகின்றனர்.